காற்றை எடை போட்டபின் பெட்ரோல்

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையை ஒரு பைக்காரரின் கண்ணால் பார்த்தால் அது எஞ்சின்களின் சாலை. தொடக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். 1990 முதல் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் இடம் அது. அதையொட்டி ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள், யமஹா ஆலை. மறுகோடியில் ஓசூரில் டி.வி.எஸ்., அதற்கும் அப்பால் பெங்களூரில் ஈசியூ (எஞ்சினை ஆளும் கணினி) மாற்றுக் கருவிகள் செய்யும் ரேஸ் டைனமிக்ஸ். இடைப்பட்ட தூரத்தில் வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. வண்டி செய்கிறவர்கள் இரு முனையிலும் இருக்க, நடுவில் இருக்கும் நம் பட்டறைகளுக்கு 2020-க்குப் பிறகு ஒரு புதுக் கேள்வி வந்து சேர்ந்தது. எஃப்.ஐ. (ஃப்யூயல் இஞ்செக்ஷன்) பைக்கின் ஈசியூவில் பெட்ரோல் அளவை எப்படி அமைப்பது, யார் அமைப்பது, அமைக்கத்தான் வேண்டுமா?

ஒரு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை வரிசைத் தவறுகள். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, இஞ்செக்டர் உண்மையில் எவ்வளவு பெட்ரோல் விடுகிறது என்ற இரண்டையும் அளக்காமலே ஈசியூவின் அட்டவணையில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறார்கள். ஆம்பூரில் எந்தத் தோல் தொழிற்சாலையிலும் இப்படிச் செய்ய மாட்டார்கள். டிரம்மில் போடுமுன் தோலை எடை போட்டு, அந்த எடைக்கு இத்தனை சதவீதம் என்றுதான் குரோம் உப்பு சேர்ப்பார்கள். எஞ்சினிலும் எடை போட வேண்டியது காற்று. பெட்ரோல் அதற்குச் சேர்க்கப்படும் விகிதம்.

வந்த வழி

மோட்டார் சைக்கிளில் மின்னணு இஞ்செக்ஷன் 1980-இல் கவாசாகி இசட்1000-எச்1-இல் வந்தது. இந்தியச் சாலைக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ., 2007-இல் பஜாஜ் பல்சர் 220, 2008-இல் யமஹா ஆர்15, அப்பாச்சி ஆர்.டி.ஆர். எஃப்.ஐ., 2009-இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. இதில் பல்சரின் கதை கவனிக்கத்தக்கது. 2009-இல் அதே 220 விலை குறைந்து கார்பரேட்டரோடு திரும்பி வந்தது. இஞ்செக்ஷன் இல்லாமலே விற்க முடிந்தவரை அது ஒரு கூடுதல் வசதி மட்டும்தான். அந்த நிலையை மாற்றியது சட்டம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபோது, மின்னணுக் கார்பரேட்டரோடு தப்பித்த சில சிறிய பைக்குகள் தவிர மற்றெல்லாம் எஃப்.ஐ. ஆகிவிட்டன.

கார்பரேட்டர் காலத்து மெக்கானிக்குக் கையில் இருந்தவை மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடில் கிளிப், ஏர் ஸ்க்ரூ, பிளக்கின் நிறம். ஐந்தையும் வைத்து ஓரளவுக்கு எதையும் சரிசெய்தார். இப்போது அந்த இடத்தில் ஆர்.பி.எம். ஒரு பக்கமும் ஆக்சிலேட்டர் திறப்பு மறு பக்கமுமாக நூற்றுக்கணக்கான கட்டங்கள் கொண்ட அட்டவணை, அதாவது மேப், இருக்கிறது. ஜெட்டை மாற்றினால் ஒரு பகுதி முழுவதும் மாறும். இங்கே ஒரு கட்டத்தை மட்டும் மாற்றலாம். அந்த நுட்பமே ஆபத்தும் ஆகிறது. தப்பான காரணத்துக்காக ஒரு கட்டத்தைத் திருத்தினாலும் அந்த நேரத்துக்கு வண்டி நன்றாகவே ஓடும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு

கே.டி.எம். டியூக் 390-இன் பழைய எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒற்றை சிலிண்டர், 373 சி.சி. கடல் மட்ட அழுத்தத்தில், 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோ. சிலிண்டர் முழுமையாக நிரம்பினால் ஒரு சுற்றுக்கு உள்ளே போகும் காற்று 0.43 கிராம். முழு ஆக்சிலேட்டரில் 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று வைத்தால் தேவை 0.033 கிராம். இஞ்செக்டர் நிமிடத்துக்கு 240 கிராம் விடும் என்று கொள்வோம். நொடிக்கு 4 கிராம். ஆக அது சுமார் 8.3 மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும். 9,000 ஆர்.பி.எம்.மில் இரண்டு சுழற்சிக்கு ஆகும் நேரம் 13.3 மில்லிவினாடி. திறந்து மூடும் தாமதத்தையும் சேர்த்தால் இஞ்செக்டர் 70 சதவீத நேரம் திறந்திருக்கிறது. இந்த அளவில் சிக்கல் இல்லை. அதே எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 180 கிராம் விடும் இஞ்செக்டரைப் போட்டால் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதற்கு மேல் அட்டவணையில் எந்த எண்ணை எழுதியும் பயனில்லை. இந்தக் கணக்கைத் தாளில் போட ஐந்து நிமிடம் போதும். போட்டுப் பார்க்காமல் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது.

இதில் கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது அந்தத் தாமதம்தான். டெட் டைம் என்கிறார்கள். மின்சாரம் கொடுத்த உடனே இஞ்செக்டர் ஊசி எழும்புவதில்லை. காந்தப்புலம் சேர நேரம் பிடிக்கிறது. 14 வோல்ட்டில் ஏறத்தாழ 1 மில்லிவினாடி. பேட்டரி தளர்ந்து 11 வோல்ட்டுக்கு இறங்கினால் அது 1.5 வரை போகலாம். முழு வேகத்தில் 8.3-இல் அரை மில்லிவினாடி குறைந்தால் 6 சதவீதம்தான். ஐடிலிங்கில் பெட்ரோல் உண்மையில் பாயும் நேரமே இரண்டரை மில்லிவினாடி அளவுதான். அங்கே அதே அரை மில்லிவினாடி கிட்டத்தட்ட 20 சதவீதம். வண்டி ஐடிலில் நிற்காமல் அணைகிறது, கலவை வறண்டிருக்கிறது (பெட்ரோல் குறைவு) என்று மீட்டர் காட்டுகிறது. ட்யூன் செய்பவர் ஐடில் கட்டங்களில் 20 சதவீதம் ஏற்றுகிறார். வண்டி அமைதியாக நிற்கிறது, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போகிறார். அடுத்த மாதம் புது பேட்டரி போட்டதும் புகையும் பெட்ரோல் வாசனையும் கிளம்புகின்றன. திருத்த வேண்டியிருந்தது டெட் டைம் அட்டவணையை, அல்லது வெறும் பேட்டரியை.

அழுத்தத்திலும் இதே போன்ற ஒரு மறைவு உண்டு. பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் பம்ப்பும் ரெகுலேட்டரும் டேங்க்குக்குள்ளேயே இருக்கின்றன. வெளிக்காற்றோடு ஒப்பிட்டு 3 பார் அளவில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கின்றன. ஐடிலிங்கில் இஞ்செக்டரின் மறுபக்கத்தில் வெற்றிடம் இழுக்கிறது. ஆகவே இருபுறத்துக்கும் உள்ள வேறுபாடு 3.6 பார் ஆகிறது. பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் சுமார் 9 சதவீதம் கூடுதலாகப் பாயும். கம்பெனி ஈசியூ இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கார் எஞ்சினை மனதில் வைத்து எழுதிய மென்பொருளை அப்படியே பைக்குக்குப் போடும்போது இந்த ஒரு அமைப்பை மாற்ற மறந்தால், காற்று அட்டவணை முழுவதும் கோணலாகும். பில்டர் அடைத்த பழைய டேங்க்கில் 3 பார் இருக்கிறதா என்பதே வேறு கேள்வி. பிரஷர் கேஜ் இல்லாத பட்டறையில் எஃப்.ஐ. ட்யூனிங்கை ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காற்றைக் கணிப்பதில் இரண்டு பள்ளிகள்

சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்பதைக் காட்டும் எண்களே வி.இ. அட்டவணை. அதை எதை வைத்துத் தேடுவது என்பதில் இரண்டு வழிகள். ஒன்று, மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து காற்றின் எடையைக் கணக்கிடும் ஸ்பீட் டென்சிட்டி. மற்றது, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும் ஆல்ஃபா-என். கம்பெனிகள் இரண்டையும் கலக்கின்றன: குறைந்த திறப்பில் அழுத்தம், கூடிய திறப்பில் கோணம்.

ஒற்றை சிலிண்டரில் அழுத்தத்தை நம்புவது கடினம். இன்டேக் குழாய் சிறியது. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் அழுத்தம் விழுந்து, அடுத்த உறிஞ்சலுக்குள் வெளிக்காற்று அளவுக்கு ஏறிவிடுகிறது. சராசரி எடுத்தால் பொருளற்ற எண் வரும். கிராங்க்கின் குறிப்பிட்ட கோணத்தில், வால்வு மூடும் நேரத்தை ஒட்டி, ஒரே ஒரு அளவை எடுக்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கமே வேறு விதத்தில் உதவவும் செய்கிறது. எஞ்சின் இப்போது உறிஞ்சும் சுற்றில் இருக்கிறதா, புகை விடும் சுற்றில் இருக்கிறதா என்பதைக் கேம் சென்சார் இல்லாமலே பல பைக் ஈசியூக்கள் அதை வைத்துத்தான் கண்டுகொள்கின்றன.

இந்தப் பாடம் முழுவதையும் கண்ணெதிரே பார்க்கக்கூடிய இடம் வேலூரிலேயே உண்டு. வி.ஐ.டி. மாணவர்களின் பிரவேகா ரேசிங் போன்ற ஃபார்முலா ஸ்டூடன்ட் அணிகள் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்துச் சிறு பந்தயக் கார் கட்டுகின்றன. இந்தியாவில் பல அணிகள் தேர்ந்தெடுப்பது அந்த 390 எஞ்சினைத்தான். போட்டி விதிப்படி எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை வழியாகவே போக வேண்டும். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டும்போது நொடிக்குச் சுமார் 74 கிராம்தான் போக முடியும். மேலே போட்ட கணக்கின்படி நம் எஞ்சின் 9,000-இல் கேட்பது நொடிக்கு 33 கிராம், பாதிகூட இல்லை. அப்படியானால் துளை எதைத் தடுக்கிறது? எஞ்சின் சீராகக் குடிப்பதில்லை. சுற்றின் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் மொத்தத்தையும் இழுக்கிறது. அந்தக் கணத்தில் தேவை 74-ஐத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் துளைக்கும் எஞ்சினுக்கும் இடையே பெரிய காற்றறை ஒன்றை மாணவர்கள் கட்டுகிறார்கள். அறை வந்தபின் அழுத்தம் ஓரளவு சீராகிறது, ஸ்பீட் டென்சிட்டி நம்பத்தக்கதாகிறது. ஆனால் கம்பெனி எழுதிய வி.இ. அட்டவணையின் ஒரு கட்டம்கூட இனிப் பொருந்தாது. எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். கல்லூரிப் பாடத்தில் இதைவிட நல்ல இஞ்செக்ஷன் வகுப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இப்படி முழுதாகத் திறந்த ஈசியூ வேண்டுவோருக்கு இப்போது வழிகள் உண்டு. அமெரிக்காவின் பௌலிங்கும் கிரிப்போவும் தொடங்கிய மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ பலகையின்மேல் ஓடும் ஸ்பீடுயினோ இரண்டும் தம் உள்கணக்கை மறைக்காமல் காட்டுகின்றன. கற்றுக்கொள்ள அவை சிறந்தவை. தினமும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பைக்கில் பொருத்த அல்ல.

இலக்கு என்ன, பெட்ரோல் எது

காற்றும் இஞ்செக்டரும் சரியான பிறகுதான் விகிதத்தைப் பற்றிப் பேச முடியும். பட்டறைகளில் இன்றும் 14.7 என்ற எண்ணே ஆட்சி செய்கிறது. அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கானது. 10 சதவீதம் கலந்தால் 14.1, 20 சதவீதம் கலந்தால் ஏறத்தாழ 13.5. இன்று நம் பங்க்குகளில் கிடைப்பது இ20. ஆகவே விகிதத்தை விட்டுவிட்டு லாம்டாவில் பேசுவதே சரி. முழுமையாக எரியத் தேவையான கலவை எந்த எரிபொருளிலும் லாம்டா 1. புகைக்குழாயில் பொருத்தும் வைட்பேண்ட் சென்சார் அளப்பதும் லாம்டாவைத்தான். மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. டேங்க்கில் இ20 இருக்க, திரையில் 14.7 தெரிந்தால் உண்மை விகிதம் 13.5, கலவை சரி. இது புரியாமல், 13.5 வர வேண்டும் என்று பெட்ரோலைக் கூட்டுகிறவர் வண்டியை ஏறத்தாழ 9 சதவீதம் அதிகமாகக் குடிக்கவைக்கிறார்.

சக்திக்கு லாம்டா 0.86 முதல் 0.90, சீரான ஓட்டத்தில் 1, வண்டி மூன்றுவழிக் கேட்டலிஸ்ட் கொண்டதென்றால் 1-க்கு மிக நெருக்கமாக. இதில் பெரிய விவாதம் இல்லை.

விவாதம் இ20 பற்றியது. மைலேஜ் குறைகிறது, வண்டி சூடாகிறது, மறுபடி மேப் செய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, பழைய பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்கு அமைத்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீத மைலேஜ் இழப்பை எதிர்பார்த்தது. எத்தனாலின் வெப்ப ஆற்றல் குறைவு என்பதால் இழப்பு வந்தே தீரும். மேப் மாற்றி அதை மீட்க முடியாது. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள பி.எஸ்.6 பைக், சீரான ஓட்டத்தில் தானாகவே திருத்திக்கொள்கிறது. முழு ஆக்சிலேட்டரில் அந்தத் திருத்தம் இல்லாத வண்டிகளில் கலவை 4 அல்லது 5 சதவீதம் வறண்டுபோகலாம், 0.88 என்பது 0.92 ஆகும். எஞ்சின் அழிந்துவிடும் அளவு அல்ல. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், சீல் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அதற்கும் மேப்புக்கும் தொடர்பில்லை.

வெயிலும் மலையும்

வேறு நாட்டில் எழுதிய மேப்பை இறக்கி நம் ஊரில் போடுவதன் குறை கத்திரி வெயிலில் தெரியும். 20 டிகிரி மார்கழிக் காலைக்கும் 42 டிகிரி மே மதியத்துக்கும் காற்றின் அடர்த்தியில் 7 சதவீத வேறுபாடு. அதைத் திருத்தவே இன்டேக் வெப்பச் சென்சார் இருக்கிறது. வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் வண்டி நின்றிருக்கையில் அந்தச் சென்சாரே எஞ்சின் சூட்டில் வெந்து 60 டிகிரி காட்டும். பச்சை விழுந்து கிளம்பும்போது உள்ளே போவது 45 டிகிரிக் காற்று. காற்று லேசானது என்று நம்பி ஈசியூ பெட்ரோலைக் குறைக்க, வண்டி திக்கித் திணறுகிறது. “சூடாச்சுன்னா பிக்கப் இல்லண்ணே, மிஸ்ஸிங் அடிக்குது” என்று பட்டறைக்கு வருவதில் ஒரு பகுதி இதுவாக இருக்கும். இதற்குத் தீர்வு வி.இ. கட்டங்களில் இல்லை. அதிக வெப்பத்தில் திருத்தத்தின் வீரியத்தைக் குறைக்க வேண்டும். முடிந்தால் சென்சாரை ஏர்பாக்ஸில் குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்.

மலைக்கு ஏலகிரி இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். உச்சியில் காற்றழுத்தம் ஆற்காட்டைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. வெறும் ஆல்ஃபா-என் மேப்பில் காற்றழுத்தத் திருத்தம் இல்லாவிட்டால் மேலே வண்டி அந்த அளவுக்குக் கூடுதலாகக் குடிக்கும். பல பைக்குகளில் சாவி போட்டதும், எஞ்சின் சுழலுமுன், மேனிஃபோல்ட் சென்சாரே வெளிக்காற்றை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்கிறது. பிறகு இடையில் புதுப்பித்துக்கொள்ளாத ஈசியூவாக இருந்தால், அடிவாரத்திலிருந்து நிறுத்தாமல் ஏறியவருக்கு உச்சியிலும் அடிவாரத்துக் கணக்கே ஓடும். மேலே ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். புது மேப்பைச் சோதிக்க நம் பக்கத்தில் இதைவிட நல்ல பாதை இல்லை.

ஆக்சிலேட்டரைத் திடீரெனத் திருகும்போது நடப்பது தனி அதிகாரம். பீய்ச்சிய பெட்ரோலில் ஒரு பங்கு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு பிறகே ஆவியாகிறது. ஃபோர்டின் அக்கினோ 1981-இல் இதற்கு ஒரு எளிய கணக்கை எழுதினார்: எத்தனை பங்கு ஒட்டுகிறது, எவ்வளவு நேரத்தில் ஆவியாகிறது என்ற இரண்டு எண்கள். இன்றும் அதன் வழித்தோன்றல்களே ஓடுகின்றன. எத்தனால் ஆவியாக அதிக வெப்பம் கேட்கும், நம் ஊர்ச் சூடு அதை ஓரளவு ஈடுகட்டும். இதை டைனோவில் முழுமையாக அமைக்க முடியாது, சாலையில் லாக் எடுத்துத்தான் செய்ய வேண்டும். இக்னிஷன் டைமிங்கை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொட வேண்டும். 42 டிகிரிக் காற்றில் நாக்கிங் எப்போது தொடங்கும் என்று குளிர்காலத்து டைனோ சொல்லாது.

செய்யத்தான் வேண்டுமா

சைலன்சர் மாற்றியவர்களே அதிகம் வருகிறார்கள். ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்கிறது என்பது அவர்கள் புகார். மேப் போடுமுன் குழாய் இணைப்பைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் இணைப்பில் இம்மி இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வரும். கலவை வறண்டது என்று சென்சார் பொய் சொல்லும். ஈசியூ பெட்ரோலை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு புது கேஸ்கெட் தீர்க்கும் காரியத்துக்குக் கருவி வாங்கி மாட்டுகிறார்கள். சென்சார் இணைப்பைக் கழற்றிவிடுவது அதைவிட மோசம். வண்டி தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தம், அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் பாலாறு. தோல் கழிவு கலந்த அந்த ஆற்றுக்காக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்துகிறவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தண்ணீருக்காக அவ்வளவு தூரம் போராடிய ஊரில், கேட்டலிஸ்டைக் கழற்றிக் கலவையைக் கொழுக்கவிட்ட பைக்குகள் பள்ளிக்கூட வாசலில் கார்பன் மோனாக்சைடு விட்டுப் போவதை நான் ஏற்கவில்லை. பந்தயத் தடத்துக்கு என்று தனி வண்டி இருந்தால், தாராளமாகச் செய்யட்டும். சாலை வண்டிக்கு, கம்பெனி மேப்பும் சீரான சென்சாரும் சரியான பெட்ரோல் அழுத்தமும் போதும்.

ஆனால் பழுது பார்க்கிறவருக்கு வேண்டியதைக் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஓ.பி.டி.-2 வசதி கட்டாயம். ஸ்கேனர் போட்டால் பிழைக் குறிகள் வரும். அதற்கு மேல் தெரிய வேண்டியவை இஞ்செக்டரின் பாய்ச்சல் அளவு, வோல்ட்டேஜ் வாரியான டெட் டைம், பம்ப் அழுத்தம். இவற்றில் அழுத்தம் மட்டுமே சர்வீஸ் கையேடுகளில் பொதுவாகக் கிடைக்கிறது. மற்ற இரண்டும் இல்லாமல், இஞ்செக்டர் கெட்டதா வயரிங் கெட்டதா என்று ஆற்காட்டு மெக்கானிக் ஊகத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊகத்துக்கு வாடிக்கையாளர் புது இஞ்செக்டரின் விலையைக் கொடுக்கிறார். ஒரகடத்திலும் ஓசூரிலும் இந்த எண்கள் அட்டவணையாகவே இருக்கும். அவற்றைக் கையேட்டில் ஒரு பக்கமாகத் தமிழிலும் அச்சிட்டுத் தருவது அவர்களுக்குப் பெரிய செலவில்லை.